படம் வரைகிறவனுக்கு எழுத்து எதற்கு?

அக்கா மகன் மூன்றாம் வகுப்பு படித்தபோது பள்ளியிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். அக்கா வேலைக்குப் போயிருந்ததால் நான் போனேன். ஆசிரியர் அவனுடைய தமிழ் நோட்டைத் திறந்து காட்டினார். பக்கம் முழுக்க ‘கொக்கு’ என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். முதல் வரியில் கொம்பு இருந்தது, கால் இல்லை. அடுத்த வரியில் கால் இருந்தது, கொம்பு இல்லை. நான்காவது வரியோடு எழுத்தை விட்டுவிட்டு, மிச்சப் பக்கத்தில் ஒரு கொக்கையே வரைந்து வைத்திருந்தான். கழுத்தை வளைத்து, ஒற்றைக் காலில், பக்கிங்காம் கால்வாயின் கறுப்புத் தண்ணீரில் நிற்கும் கொக்கு. எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் தினமும் நிற்பதுதான்.

“படம் நல்லா போடுறான். படிப்புதான் வராது. உங்க ஏரியா பசங்களுக்கு இப்படித்தான். ஏதாவது கைவேலையில விட்டுடுங்க, பொழச்சிக்குவான்” என்றார்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை, அக்கறையோடுதான் சொன்னார். மயிலாப்பூர் என்றால் பலருக்குக் கோபுரமும் குளமும் ஞாபகம் வரும். கால்வாய் ஓரத்தில், பறக்கும் ரயில் தூண்களுக்குப் பக்கத்தில் இருக்கும் குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளும் மயிலாப்பூர்தான். ‘உங்க ஏரியா’ என்று அவர் சொன்னது எந்த ஏரியாவை, அதில் யாரை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஆத்திரத்தோடு வீட்டுக்கு வந்தேன். வந்து நான் அக்காவிடம் சொன்னது என்ன தெரியுமா, தோழர்களே? “அவன் விஷுவல் லேர்னர்க்கா. கண்ணால பாத்துக் கத்துக்கிறவன். எழுத்தப் போட்டு அவன் உயிர வாங்காத. பெருசானதும் ஃபைன் ஆர்ட்ஸ் காலேஜுல சேத்துடலாம். பா. ரஞ்சித் எல்லாம் அங்கதான் படிச்சாரு.”

அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள். “அந்தக் காலேஜுல சேரணும்னா எத்தினியாவது படிச்சிருக்கணும்?”

பிளஸ் டூ முடித்திருக்க வேண்டும்.

“பிளஸ் டூ பரீட்சைய படம் போட்டுப் பாஸ் பண்ண முடியுமாடி?”

சமூகவியலில் முதுகலை படித்தவள் நான். கல்வியில் சாதியும் வர்க்கமும் எப்படித் தம்மை மறுஉற்பத்தி செய்துகொள்கின்றன என்று தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அந்த ஆசிரியர் தமிழில் சொன்னதைத்தான் ஆங்கில வார்த்தை கலந்து நானும் சொல்லியிருக்கிறேன் என்பது எட்டாவதோடு நின்றுபோன அக்கா கேட்ட பிறகுதான் உறைத்தது.

வழியையும் அவள்தான் கண்டுபிடித்தாள். அவள் வேலை செய்யும் வீட்டில் இவன் வயசிலேயே ஒரு பையன் இருந்தான். அவனுக்கும் எழுத்து புரண்டு புரண்டு வந்தது. அந்த வீட்டில் யாரும் அவனுக்குப் படிப்பு வராது என்று சொல்லவில்லை. தி.நகரில் கூட்டிப்போய்ப் பரிசோதித்தார்கள். டிஸ்லெக்சியா என்று தெரிந்தது. வாரம் மூன்று நாள் சிறப்பு ஆசிரியர் ஒருவர் வீட்டுக்கே வந்தார். தட்டில் ரவையைப் பரப்பி விரலால் எழுத வைத்தார், எழுத்தைக் களிமண்ணில் பிசையச் சொன்னார், வார்த்தைக்கு வார்த்தை படம் காட்டினார். அவர் போன பிறகு கீழே சிந்திய ரவையைப் பெருக்கித் துடைத்தது என் அக்கா.

ஒருநாள் வந்து சொன்னாள். “அங்க ரவையில எழுத வைக்கிறாங்கடி. நம்மகிட்ட ரேஷன் அரிசி மாவு இருக்குல்ல?”

இரண்டு பையன்களுக்கும் இருந்தது ஒரே மாதிரியான சிரமம். அபிராமபுரத்தில் அதற்கு ஒரு மருத்துவப் பெயர் கிடைத்தது. கால்வாய்க் கரையில் ‘மக்கு’ என்ற பெயர்தான் கிடைத்தது. 1991இல் தொடங்கிய மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் தி.நகரில் இயங்குகிறது. எங்கள் வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்விடலாம். ஆனால் அப்படி ஒன்று இருக்கிறது என்பதே அக்காவுக்கு அந்த வீட்டுத் தரையைத் துடைக்கும்போதுதான் தெரிந்தது.

பணக்காரப் பள்ளிகளின் சொத்துபோல இன்று தெரியும் இந்தக் கண்-கை முறைகள் பிறந்த கதையைக் கொஞ்சம் பாருங்கள். மரியா மாண்டிசோரி 1907இல் தன் முதல் ‘குழந்தைகள் இல்லத்தை’ ரோமில் சான் லோரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில்தான் திறந்தார். அதற்கு முன்பு, கற்பிக்கவே முடியாது என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளோடு வேலை செய்தவர். உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிப் படிக்கும் முறை அந்த வழியில் வந்தது. அவரே 1939இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து, சுமார் 300 பேருக்குப் பயிற்சி கொடுத்தார். அதே அடையாற்றில் 1894இல் கர்னல் ஆல்காட் ‘பஞ்சமர்’ பிள்ளைகளுக்கென்று இலவசப் பள்ளியைத் தொடங்கியிருந்தார். அது இன்றும் பெசன்ட் நகரில் ஆல்காட் நினைவுப் பள்ளியாக நடக்கிறது. சேரிப் பிள்ளைகளை மனதில் வைத்து வந்த முறை இன்று சென்னையில் பெரும்பாலும் பணம் கட்டுகிறவர்களுக்குத்தான். பள்ளிப் பெயர்ப் பலகையில் ‘மாண்டிசோரி’ என்று இருந்தால் கட்டணத்தை விசாரிக்கவே நமக்குப் பயம்.

அரசு முயலவே இல்லை என்று சொல்ல மாட்டேன். செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில்தான் தொடங்கியது. ரிஷிவேலி பள்ளியின் முறையைப் பார்த்து உருவாக்கியது. 2007-08இல் மாநிலம் முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. கல்லூரிக் காலத்தில் களப்பணிக்காக அப்படி ஒரு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளைகள் பாயில் வட்டமாக இருந்தார்கள். படச் சின்னம் போட்ட அட்டைகளை அவர்களே எடுத்தார்கள், ஏணிப்படி அட்டவணையில் தாங்கள் எந்தப் படியில் நிற்கிறோம் என்று அவர்களே பார்த்துக்கொண்டார்கள். சுவரின் அடியில், அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை இருந்தது. ஒரு குழந்தைக்கு நான்கு நாள் அதிகம் ஆனாலும் யாரும் அதட்டவில்லை. ஆனால் அது நான்காம் வகுப்புவரைதான். அதற்குப் பிறகு எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே வேகம்.

அரிசி மாவுக்கு வருகிறேன். ‘கொ’ என்ற எழுத்தை ஒரு குழந்தையின் கண்ணால் பாருங்கள். சொல்லும்போது ‘க்’ முதலில் வருகிறது, ‘ஒ’ பின்னால் வருகிறது. எழுதும்போது கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் க. காதில் விழும் வரிசை வேறு, கண்ணில் படும் வரிசை வேறு. ‘கௌ’ என்பதைக் ‘கெள’ என்று படித்தால் அது குழந்தையின் தப்பா? பெரும்பாலான பிள்ளைகள் இதைக் கேள்வி கேட்காமல் விழுங்கிவிடுகிறார்கள். இவனால் முடியவில்லை.

அதனால் இவன் வழியிலேயே போனோம். ராத்திரி 20 நிமிஷம், அதற்கு மேல் கிடையாது. முதலில் அவன் ஒரு படம் போடுவான். அதைப் பற்றிப் பேசுவான். அவன் சொன்ன வாக்கியத்தை அவன் சொன்னபடியே படத்துக்குக் கீழே எழுதுவேன். ‘கொக்கு மீனுக்குக் காத்துனு நிக்குது.’ பாடப்புத்தகத் தமிழாக அதை மாற்ற மாட்டேன். தன் வாய் வார்த்தை எழுத்தாக நிற்பதை அவன் பார்க்க வேண்டும். பிறகு அதில் ஒரே ஒரு எழுத்தை எடுப்போம். மெய்க்குக் கறுப்பு, கொம்புக்குச் சிவப்பு, காலுக்கு நீலம். கறுப்பை முதலில் சொல், அப்புறம் இரண்டு பக்கமும் பார். அதையே மாவில் விரலால் பெரிதாக எழுதுவான். வாரக் கடைசியில் பஸ் பலகைகள். தூரத்திலிருந்தே 5பி, 21ஜி என்று வடிவத்தை வைத்துச் சொல்லிவிடுகிற பையன், பலகையை போனில் படம் பிடித்து, வீட்டில் ‘மயிலாப்பூர்’ என்பதை எழுத்தெழுத்தாகப் பிரித்தான்.

இதில் எதுவும் என் கண்டுபிடிப்பு இல்லை. பிரேசிலில் பாவ்லோ ஃப்ரெய்ரே 1963இல் ஆங்கிகோஸ் ஊரில் சுமார் 300 உழைப்பாளிகளுக்கு எழுத்தறிவு கொடுத்தபோதும் படத்தைக் காட்டிப் பேசவைத்து, அவர்கள் வாழ்க்கையிலிருந்து வந்த சொல்லைத்தான் எழுத்தாகப் பிரித்தார்.

‘விஷுவல் லேர்னர்’ என்ற வார்த்தையையும் இப்போது நான் ஜாக்கிரதையாகத்தான் பயன்படுத்துகிறேன். 2008இல் நான்கு அமெரிக்க உளவியலாளர்கள் இருந்த ஆய்வுகளையெல்லாம் அலசினார்கள். குழந்தைகளைக் கண் வகை, காது வகை என்று பிரித்து அதற்கேற்பக் கற்பித்தால் நன்றாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றார்கள். படமும் விரலும் எல்லாக் குழந்தைக்கும் உதவும். இவனைப் போன்றவர்களுக்கு அவை இல்லாமல் முடியாது. அதற்காக ‘இவன் படக்காரன்’ என்று பெயர் ஒட்டி எழுத்துக்கு வெளியே உட்கார வைத்தால், அது நமக்கு ஏற்கெனவே தெரிந்த இடம்.

1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். மூன்று மணி நேரம் பள்ளி, மிச்ச நேரம் அப்பா அம்மாவின் தொழில். குலக்கல்வி என்று பெயர் சூட்டி எதிர்த்தார்கள். 1954இல் காமராஜர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. திட்டமாக அது போய்விட்டது. ‘உன் பிள்ளைக்குக் கைவேலை நன்றாக வரும்’ என்ற நல்லெண்ண வாக்கியத்துக்குள் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. இதே வாக்கியத்தை அந்த அபிராமபுரம் வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்களா?

அதற்காக ஓவியம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி போன்றவற்றுக்காக 2012இல் 16,000க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். அப்போது மாதச் சம்பளம் 5,000 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் நுங்கம்பாக்கம் டிபிஐ வளாகத்தில் எத்தனை முறை உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். எங்கள் பிள்ளைகளுக்குப் படம்தான் வரும் என்கிறார்கள், அந்தப் படத்தைச் சொல்லிக்கொடுக்கவும் பல பள்ளிகளில் முழுநேர ஆள் இல்லை.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பிள்ளைகளிடம் அதைச் சீக்கிரமே கண்டறிய வேண்டியது கல்வி நிறுவனங்களின் கடமை என்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஒருவரும் கிடைக்கும். எட்டு வயதுக்குப் பிறகுதான் அந்தச் சான்றிதழ். 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பரிசோதிக்க வேண்டும். எங்களுக்கு அதை வாங்க மூன்று நாள் அலைச்சல் ஆனது. மூன்று நாள் சம்பளம் அக்காவுக்குப் போனது. எங்கே போக வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்த ஒரு தங்கச்சி அவளுக்கு இருந்தாள். இல்லாத வீடுகள் எத்தனை?

பரிசோதனையின்போது மருத்துவர் ஒரு கேள்வி கேட்டார். “வீட்ல வேற யாருக்காவது இப்படி இருந்துதா?” இது பல குடும்பங்களில் வழிவழியாக வரும். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எனக்கும் எழுத்து ஆடும்” என்றாள்.

ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே பள்ளி. நான் முதல் மாணவி, அவள் மக்கு. ‘தங்கச்சியப் பாத்துக் கத்துக்கோ’ என்று அடி வாங்கியவள். எட்டாவதில் நின்றாள், அடுத்த மாதமே வீட்டு வேலைக்குப் போனாள். என் கல்லூரிக் கட்டணத்தில் அவள் சம்பளமும் இருந்தது. ‘படித்து முன்னேறிய பெண்’ என்று என்னை மேடையில் அறிமுகப்படுத்தும்போதெல்லாம் நான் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அவளிடம் யாரும் ஒரு தட்டு மாவைக் கொடுத்துப் பார்த்ததில்லை. நானும்தான்.

பையன் இப்போது ஏழாவது. அதிசயம் எதுவும் நடக்கவில்லை. விரல் வைத்து, மெதுவாகப் படிக்கிறான். ‘ண’வும் ‘ன’வும் இன்னும் குழப்பும். போன மாதம் எங்கள் பிளாக்கில் கணக்கெடுப்பு நோட்டீஸ் ஒட்டினார்கள். கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போனவர்களின் கதை தெரிந்ததால் ஜனம் பதறிப்போய்க் கூடியது. அவன் கூட்டத்துக்குள் நுழைந்து, விரலை வைத்து, முதல் வரியிலிருந்து கடைசித் தேதிவரை அக்காவுக்குப் படித்துக் காட்டினான். அரை மணி நேரம் ஆனது. அக்கா நகரவில்லை.

உங்களில் பலர் மாலை வகுப்போ இரவுப் பாடசாலையோ நடத்துகிறீர்கள். கடைசி வரிசையில் நோட்டின் ஓரத்தில் படம் போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை ஒன்று அங்கே நிச்சயம் இருக்கும். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்கக் கூட்டிப் போங்கள். பிறகு அந்தப் படத்தைப் பற்றிக் கேளுங்கள், அது சொல்வதைக் கீழே எழுதுங்கள். ‘இதுக்குப் படிப்பு வராது, கலை வரும்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நேரம் கிடைத்தால் கூட்டிக்கொண்டு போக வந்து வாசலில் நிற்கும் அதன் அம்மாவிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஜெய்பீம்.