பெரியவங்க விளையாடவும் தடையா?

"வன்முறை கேம் எல்லாத்தையும் தடை பண்ணணும்"னு நண்பர் ஒருத்தர் இன்னிக்குச் சொன்னார்.
மனசு ஒப்பவே இல்லை.

2019 மார்ச்ல, ராஜ்கோட்ல பப்ஜி கேம் விளையாடினதுக்காகவே போலீஸ் 10 பேரைக் கைது பண்ணுச்சு.
அதுல காலேஜ் பசங்களும் இருந்தாங்க.
ஓட்டுப் போடுற வயசு!

2020 செப்டம்பர்ல பப்ஜிக்கு நாடு முழுக்கத் தடை வந்துச்சு.
அப்போ அரசு சொன்ன காரணம் வன்முறை இல்லை, நாட்டோட பாதுகாப்பு.

ஆஸ்திரேலியாவுல 2013லேர்ந்து கேமுக்கும் 18 வயசு முத்திரை இருக்கு.
சின்னப் பசங்களுக்கு விற்கக் கூடாது, பெரியவங்க வாங்கலாம்.
எனக்கு அதுதான் நியாயமாப் படுது.

குழந்தைங்க கைக்குப் போகாம கண்டிப்பா பார்த்துக்கணும்.
ஆனா 'ஏ' சான்றிதழ் படம் பார்க்க விடுற ஆளை, கேம் விளையாட மட்டும் ஏன் தடுக்கணும்?

நீங்க என்ன நினைக்கிறீங்க?