பத்து என்ற எண்ணின் பூர்வீகம்

அபிராமம் கடைவீதியில் மெமரி கார்டு கேட்டால், கடைக்காரர் முதலில் சுட்டிக்காட்டுவது கார்டின் மேல் வட்டமாக வளைந்த எழுத்துக்குள் அச்சிட்டிருக்கும் 10 என்ற எண்ணைத்தான். "பத்துப் போட்டதை எடுத்துக்கங்கண்ணே, அதுதான் ஸ்பீடு" என்பார். அதில் பொய் கிடையாது. கார்டில் பாட்டும் படமும் ஏற்றிக் கொடுத்தே வளர்ந்த கடைகள் இவை. பத்துப் போட்டதில் படம் சீக்கிரம் ஏறும் என்பதை அவர்கள் தினமும் கண்ணால் பார்த்தவர்கள்.

எனக்கு அந்த எண்ணின் மேல் கேள்வி எழுந்தது வேறொரு வேலையில். அக்கா மகன் கல்லூரியில் படித்தபோது கிடைத்த ஆகாஷ் 2 டேப்லெட் பரணில் சும்மா கிடந்தது. அதை லினக்ஸில் ஓட்டிப் பார்க்க எடுத்தேன். துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த பத்துப் போட்ட கார்டு ஒன்று, பழைய போனிலிருந்து கழற்றிய நாலு போட்ட கார்டு ஒன்று. இரண்டிலும் ஒரே இயங்குதளத்தை ஏற்றினேன். ஏற்றும்போது பத்துதான் முந்தியது. ஓடும்போது கதை மாறியது. பத்தில், பின்னால் ஒரு மென்பொருள் நிறுவிக்கொண்டிருந்தால் போதும், தட்டிய எழுத்து திரைக்கு வரவே மறுத்தது. நாலில் அப்படி எந்தத் திணறலும் இல்லை. "நாலு எப்படி மாமா பத்தை ஜெயிக்கும்?" என்றான் அக்கா மகன். பதில் சொல்லத் தெரியவேண்டும் என்று தோன்றியது.

இந்த டேப்லெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 2012 நவம்பர் 11 அன்று குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி வெளியிட்டது. ஆல்வின்னர் ஏ13 சில்லு, 512 மெகாபைட் ராம், 4 ஜிபி உள்நினைவகம். இந்தச் சில்லுக்கு ஓர் அருமையான குணம் உண்டு. மின்சாரம் வந்ததும் தன் உள்நினைவகத்தைத் தேடுவதற்கு முன்பே மெமரி கார்டைப் பார்க்கும். கார்டின் தொடக்கத்திலிருந்து எட்டாவது கிலோபைட்டில் தொடக்க நிரல் இருந்தால் அதையே எடுத்து ஓட்டும். மும்பை ஐஐடியில் ஆகாஷுக்காக லினக்ஸ் தயாரித்தவர்கள் பயன்படுத்திக்கொண்டது இந்த வழியைத்தான். கார்டைச் செருகினால் லினக்ஸ், உருவினால் பழையபடி ஆண்ட்ராய்டு. பூட்டுப்போட்ட கருவிகள் பெருகிவிட்ட இந்தக் காலத்தில், விலை மலிந்த ஒரு டேப்லெட் இப்படித் திறந்து கிடந்ததை நான் பெரிய கொடை என்றே நினைக்கிறேன்.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். மெமரி கார்டு என்று நாம் சொல்லும் எஸ்டி கார்டை பானாசோனிக், சான்டிஸ்க், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1999இல் அறிவித்தன. மறு ஆண்டே அதற்கென்று ஒரு சங்கம் அமைந்தது. வேகத்துக்கு எண் போடும் வழக்கம் 2006இல் வந்தது. முதலில் 2, 4, 6. பத்து பிற்பாடு சேர்ந்தது. இந்த எண்கள் யாருக்காக வந்தன என்று தேடினால் வீடியோ கேமராவில் போய் நிற்கிறது. கேமரா நிறுத்தாமல் படத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். கார்டு பின்தங்கினால் காட்சி அறுந்துவிடும். ஆகவே நொடிக்குக் குறைந்தது இத்தனை மெகாபைட்டை ஒரே ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக எழுதுவேன் என்று கார்டு கொடுக்கும் உறுதிமொழி அது. 10 என்றால் 10 மெகாபைட். கல்யாண வீடியோவுக்கு அது சரியான அளவுகோல்.

இயங்குதளம் கேட்பது வேறு. ஒரு செயலியைத் திறந்தால் அங்கே நாலு கிலோபைட், இங்கே நாலு கிலோபைட் என்று கார்டின் மூலைமுடுக்கெல்லாம் துளித்துளியாக எழுதும். குறுஞ்செய்தி, தொடர்பு எண்கள், உலாவியின் வரலாறு எல்லாம் எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்தில் உட்காரும். ஒவ்வொரு பதிவும் உண்மையாகவே கார்டில் இறங்கியதா என்று அது காத்திருந்து உறுதி செய்துகொண்டுதான் நகரும்.

இந்த இடத்தில் கார்டின் உள்ளே போகவேண்டியிருந்தது. தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா குழுவினர் 1987இல் முன்வைத்த நேண்ட் ஃபிளாஷ் நினைவகம்தான் இன்றும் கார்டுக்குள் இருப்பது. அதில் சிறு பக்கமாக எழுதலாம். அழிக்கும்போது மட்டும் பெருந்தொகுதியாகத்தான் அழிக்க முடியும். லினக்ஸில் கார்டைச் செருகிவிட்டு, அதன் விவரக் கோப்புகளில் விருப்ப அழிப்பு அளவு என்பதைத் திறந்தேன். 4194304 பைட் என்றிருந்தது. நாலு மெகாபைட். பக்கத்துக் கோப்பில் கார்டு தயாரான மாதமும் ஆண்டும் இருந்தன. நகம் அளவுள்ள கார்டு தன் பிறப்புச் சான்றிதழைத் தானே சுமந்துகொண்டிருக்கிறது! சரி, கணக்குக்கு வருவோம். நாலு கிலோபைட்டை மாற்றுவதற்காக நாலு மெகாபைட் தொகுதியை எடுத்து வேறிடத்தில் திரும்ப எழுத நேர்ந்தால், கேட்டதைவிட 1024 மடங்கு வேலை.

எல்லாக் கார்டும் எப்போதும் இப்படிச் செய்வதில்லை. எத்தனை தொகுதிகளை ஒரே நேரத்தில் திறந்து வைத்துக்கொள்ள முடியும் என்பதில்தான் வித்தியாசம். லினக்ஸ் கெர்னல் நிரலாளர் ஆர்ன்ட் பெர்க்மான் 2011இல் மலிவான கார்டுகளை அளந்து இதை விளக்கி எழுதினார். சில கார்டுகள் ஒன்றிரண்டு தொகுதிகளை மட்டுமே திறந்து வைக்கும். வீடியோவுக்கு அது போதும். இயங்குதளம் பத்து இடத்தில் எழுதவந்தால் ஒன்றை மூடி ஒன்றைத் திறந்தே சோர்ந்துபோகும்.

அக்கா மகனுக்கு நேரடியான பதில் கிடைத்தது 2012ஆம் ஆண்டின் ஓர் ஆய்வுக் கட்டுரையில். ஹியோஜுன் கிம், நிதின் அகர்வால், கிறிஸ்டியன் உங்குரேனு மூவரும் எழுதியது. ஆண்ட்ராய்டு போனில் கார்டை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டு, அன்றாடச் செயலிகளை ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். கார்டை மாற்றியதாலேயே செயலிகளின் வேகம் பல மடங்கு மாறியது. உயர்ந்த எண் போட்ட சில கார்டுகள் தாழ்ந்த எண் போட்டவற்றைவிட மோசமாக ஓடின என்றும் எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்தபோது அடைந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

எஸ்டி சங்கமும் பிறகு வழிக்கு வந்தது. 2015இல் ஆண்ட்ராய்டு 6, மெமரி கார்டையே உள்நினைவகமாக ஏற்றுக்கொள்ளும் வசதியைக் கொண்டுவந்தது. அதையொட்டி 2016 நவம்பரில் ஏ1 என்ற குறி பிறந்தது. நொடிக்கு 1500 முறை சிதறலாகப் படிக்கவேண்டும், 500 முறை சிதறலாக எழுதவேண்டும் என்பது அதன் நிபந்தனை. நாலு கிலோபைட் வீதம் 500 முறை என்றால் வெறும் இரண்டு மெகாபைட்தான். வீடியோக்காரர் கண்ணில் அற்பமான எண். டேப்லெட்டுக்கோ அதுதான் உயிர்நாடி.

2017இல் வந்த ஏ2, படிப்பதற்கு 4000, எழுதுவதற்கு 2000 என்று கேட்கிறது. ஆனால் அந்த வேகத்துக்குக் கட்டளைகளை வரிசையில் வாங்கிவைக்கும் முறையும் இடைநினைவகமும் வேண்டும். அதைக் கருவியும் ஆதரிக்கவேண்டும். பழைய டேப்லெட்டுகளுக்கு அந்த ஆதரவு கிடையாது. அவற்றுக்கு ஏ2 வாங்கிக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். இப்போது யார் கேட்டாலும் ஏ1 குறியுள்ள 32 ஜிபி கார்டையே சொல்கிறேன். பழைய கருவிகளுக்கான எஸ்டிஎச்சி வகையின் உச்ச அளவு அதுதான். வாங்கியதும் எஃப்3 என்ற இலவச மென்பொருளால் கார்டு முழுவதையும் நிரப்பித் திரும்பப் படித்துப் பார்த்துவிடவேண்டும், போலிக் கார்டு அந்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும். பாகம் பிரிக்கும்போது முதல் பாகம் நாலு மெகாபைட் எல்லையில் தொடங்கட்டும். கோப்பைப் படித்த நேரத்தைக் குறித்துவைக்கும் வழக்கத்தையும் லினக்ஸில் நிறுத்திவிடுங்கள். வெறுமனே படித்ததற்காக எழுதும் வேலை அத்தோடு மிச்சம்.