என்ன கண்டாய், தம்பி?

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளின் பெருமையைக் கேள்வியுறாத தமிழர் அரியர். கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், குடவோலை முறையில் ஊர்ச்சபையைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை அங்கே கல்லில் பொறித்து வைத்தனர். தகுதியுடையவர் யார், தகாதவர் யார், ஓலையை எடுப்பவர் யார் என்று எல்லாம் ஆற அமர எண்ணி எழுதப்பட்டவை. முதலில் பார்ப்பது, பின்பு சிந்திப்பது, அதன்பின் முடிவெடுப்பது என்பதே தீர்மானத்தின் இலக்கணம் என்று நாமும் எண்ணிப் பழகிவிட்டோம்.

அதே வட்டாரத்துக் காவாந்தண்டலத்தில், அறுவடை முடிந்த நிலத்தில் இளைஞர்கள் ஆடும் கபடியைப் பார்த்து நிற்கையில், இந்த இலக்கணம் நமக்குப் போதாமல் போகிறது. பாடிச் செல்பவனுக்கு விதிப்படி 30 விநாடிகளே உண்டு; அதுவும் ஒரே மூச்சில். எதிரே 7 பேர். ஆடவர் களத்தின் நீளம் 13 மீட்டர், அகலம் 10 மீட்டர். அதில் பாதிதான் எதிரணியின் எல்லை. ஒரு விளக்கொளியைக் கண்டு விரலசைக்கவே மனிதனுக்கு விநாடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கழிகிறது. கணுக்காலை நோக்கிக் கை வந்தபின் யோசிக்கத் தொடங்கினால், யோசனை முடியுமுன் அவன் மண்ணில் கிடப்பான்!

அப்படியாயின் அவன் தப்புவது எவ்வாறு? கை எழுமுன்பே அதைக் கண்டுவிடுகிறான். எதிராளியின் முழங்கால் சற்றே மடிவதும், உடலின் பாரம் ஒரு பாதத்திலிருந்து மறு பாதத்திற்கு மாறுவதும் அவனுக்கு எழுத்துகள். வாசிக்கப் பழகிய நாம் எழுத்துக்கூட்டுவதில்லை. சொல்லை முழுதாகவே காண்கிறோம். ஆட்டக்காரனும் அப்படியே. அவனுக்குக் காண்பதே பாதித் தீர்மானம்.

சதுரங்கத்தில் இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. 1973-இல் சேஸ், சைமன் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆட்டத்தின் நடுவிலிருந்த பலகையைச் சில விநாடிகள் மட்டும் காட்டினர். தேர்ந்த ஆட்டக்காரர் காய்களின் இடங்களைப் பெரிதும் நினைவில் வைத்திருந்தார்; புதியவரால் இயலவில்லை. காய்களை ஒழுங்கின்றிக் கலைத்துக் காட்டியபோதோ இருவரும் ஏறக்குறைய ஒன்றாயினர். ஆக, தேர்ச்சி என்பது கூரிய கண்ணன்று, பொருளறிந்த கண்.

தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன் 2016-இல் பாட்னா அணிக்குத் தலைமை ஏற்று புரோ கபடிக் கோப்பையை வென்றபோது அவருக்கு வயது 41. தம்மினும் மிக இளையவர்களை வலது மூலையில் நின்று பிடித்தவர் அவர். கால்களின் வேகத்தை வயது குறைக்கலாம். முன்னரே காணும் கண்ணை அது எளிதில் பறிப்பதில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

பிடிப்பவர் நிலை இன்னும் வியப்பிற்குரியது. அவர்கள் கைகோத்து நிற்கிறார்கள். ஒருவன் கண்டதை மற்றவன் உள்ளங்கை அறிகிறது. ஒரு பிடி இறுகினால் 'இப்போது' என்று பொருள். தனியே பாய்பவன் பெரும்பாலும் வெறுங்கையோடு விழுகிறான்.

களத்திற்கு வெளியே நிற்கும் நமக்கோ எல்லாம் தெரிகிறது, ஏழு பேரும் தெரிகிறார்கள், முடிவும் தெரிந்துவிடுகிறது. தோற்ற ஆட்டமொன்றின் கடைசிப் பாட்டில் பிடிபட்ட இளைஞனைச் சூழ்ந்து, "கண்ணில்லையா உனக்கு? ஏன் திரும்பி ஓடவில்லை?" என்று ஊரார் ஏசியதைக் கண்டிருக்கிறோம். அவன் சில வாரங்கள் களத்தின் பக்கமே வரவில்லை. பின்னர் பழைய ஆட்டக்காரர் ஒருவர் அவனை அழைத்து, "என்ன கண்டாய், தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

"மூலையில் இருந்தவர் பின்வாங்குவதைப் பார்த்தேன், அண்ணே. முதுகுப் பக்கம் சங்கிலி வந்தது தெரியவில்லை."

அவன் கண்டதற்கேற்ப அவன் செய்தது சரியே. காணாத இடம் ஒன்று இருந்தது, அவ்வளவுதான். மறுநாள் முதல் முதுகுப் பக்கத்துச் சங்கிலியை அறியும் பயிற்சி தொடங்கியது. அவனும் ஆட வந்தான்.

'ஏன் செய்தாய்?' என்பது பெரும்பாலும் தீர்ப்பு, 'என்ன கண்டாய்?' என்பதே கேள்வி. தேர்வில் தவறிய மகனிடமும், தொழிலில் நொடித்த தம்பியிடமும் நாம் எதைக் கேட்கிறோம்? அவர்கள் நின்ற இடத்திலிருந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசினால், திருத்த வேண்டியது எதுவென்று நமக்கும் தெரியும். அவர்களும் களத்தை விட்டுப் போகமாட்டார்கள்.