பிள்ளையை எங்கே விடுவது?

இரவு நிகழ்ச்சியில் பாட்டு ஓடும்போது வரும் அழைப்புகளில் பாதி பாட்டுக்காக வருவதில்லை. அப்படி ஒரு நாள் ஒரு பெண் பேசினார். "அக்கா, குடிய விடணும். உள்ள தங்கி சிகிச்சை எடுக்கச் சொல்றாங்க. நாலு வயசுப் பொண்ண எங்க விடறது? மாமியார்கிட்ட விட்டா திருப்பித் தரமாட்டாங்க." நான் வாய் திறப்பதற்குள் வைத்துவிட்டார்.

குடியைவிட அந்தப் பயம்தான் அவரைக் கட்டிப்போட்டிருந்தது. பிள்ளையோடு சேர்ந்தே தங்கிக் குணமாக இடம் உண்டா என்று தேடினேன். உண்டு. இங்கிலாந்தின் பிளிமத்தில் 'டிரெவி' என்ற அமைப்பின் இல்லம் 1993 முதல் தாய்மாரைப் பிள்ளைகளோடு ஏற்கிறது. மெல்பர்னின் 'ஒடிசி ஹவுஸ்' 12 வயது வரையுள்ள பிள்ளைகளை உடன் வரவிடுகிறது.

பகலில் பிள்ளை பள்ளிக்கோ பராமரிப்புக்கோ போகும். அம்மா குழு ஆலோசனையில் உட்காருவார். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு வரும் மாலைதான். சமைக்க வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், தூங்கவைக்க வேண்டும். பிள்ளை சோற்றைத் தட்டிவிட்டுக் கத்தும்போது முன்பு கை போத்தலுக்குப் போயிருக்கும். இப்போது அதே கத்தலைப் போதையில்லாமல் சமாளிக்கப் பழகுகிறார், கூப்பிடு தூரத்தில் ஊழியர் இருக்க. தனியாகக் குணமாகி வீடு திரும்பும் தாய்க்கு இந்தப் பயிற்சி எங்கே கிடைக்கும்?

"அந்த மாதிரி இடத்துல சின்னப் பிள்ளையா?" என்று அம்மா முகம் சுளித்தார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பிள்ளை ஏற்கெனவே குடித்திருக்கும் தாயோடு தனியாகத்தானே இருக்கிறது. (பல காலம் நிறையக் குடித்தவர் வீட்டில் தானாகச் சட்டென்று நிறுத்தக்கூடாது. வலிப்பு வரலாம், மருத்துவர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.)

அமெரிக்காவில் இது சட்டம்வரை போயிருக்கிறது. பிள்ளை கடைசி 22 மாதங்களில் 15 மாதங்கள் வளர்ப்புக் குடும்பத்தில் இருந்துவிட்டால், சில விலக்குகள் தவிர, பெற்றோர் உரிமையை ரத்துசெய்ய மாநில அரசு வழக்குப் போட வேண்டும் என்கிறது 1997ஆம் ஆண்டுச் சட்டம். விட்டு, மறுபடி விழுந்து, எழுந்து நிற்பதற்குள் அந்த 15 மாதம் ஓடிவிடும். 2018இல் வந்த இன்னொரு சட்டம், பிள்ளை சிகிச்சை இல்லத்தில் பெற்றோருடனேயே தங்கினால் வளர்ப்புக் குடும்பத்துக்கான மத்திய அரசுப் பணத்தை அங்கே 12 மாதம்வரை செலவிடலாம் என்றது. பிரித்து வைக்கக் கொடுத்த காசைச் சேர்த்து வைக்கவும் கொடுக்கலாம் என்று ஓர் அரசாங்கம் கணக்குப் போட்டிருக்கிறது.

ஆனாலும் இப்படிப்பட்ட இல்லங்கள் எங்குமே குறைவு. இருப்பவற்றில் பல, தாய்மாருக்கு மட்டும். ஷெஃபீல்டில் 'ஃபீனிக்ஸ் ஃபியூச்சர்ஸ்' நடத்தும் இல்லத்தில் அப்பாவும் பிள்ளையோடு வந்து தங்கலாம். குடிக்கும் அப்பாக்களைப் பற்றி எத்தனையோ நேயர்கள் என்னிடம் பேசியிருக்கிறார்கள். அவர் சிகிச்சைக்குப் போனால் பிள்ளையை எங்கே விடுவது என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை.