கால் ஏக்கர் கரி

பாட்டி பால் வெட்டினார். அப்பா செம்பனை ஆலையில் முப்பது வருஷம் பாய்லர் பார்த்தார். நான் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் செம்பனைக் கொட்டை ஓட்டைக் கரியாக்கி, அது எவ்வளவு கரியமில வாயுவைப் பிடிக்கிறது என்று அளக்கிறேன். பஹாவ் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பிறந்து, எங்கே சுற்றியும் அந்தத் தோட்டத்தின் பொருளிடமே வந்து நிற்கிறேன்.

2025 தீபாவளிக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். வீடு என்றால் பஹாவில் வாங்கிய சின்ன வீடு. அப்பா வேலையை விட்ட அன்றே லயத்து வீட்டையும் விட்டாயிற்று. பலகாரத் தட்டை நகர்த்திவிட்டுக் கேட்டார், "நீ அங்க என்னாதாம்மா செய்யற?"

பையிலிருந்த சிறு குப்பியை எடுத்துக் காட்டினேன். உள்ளே ஒரு சிட்டிகைக் கரித்தூள். "இது ஒரு கிராம்ப்பா. உள்ள இருக்கற துளையோட சுவரெல்லாம் விரிச்சுப் போட்டா ஆயிரம் சதுர மீட்டர் வரும். கால் ஏக்கர்."

"கால் ஏக்கரா? அப்ப பதினாலு மரம் நடலாம்" என்றார்.

ஓட்டைக் காற்றில்லாமல் சூடாக்கினால் கரி. அதோடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்து 800 டிகிரி வரை கொண்டுபோனால் கரியை அரித்து அரித்துத் துளை போடும். ஒரு நானோமீட்டருக்கும் குறுகிய துளைகள். வாயு அதற்குள் போய்ச் சுவரில் ஒட்டும். பலமான ஒட்டல் இல்லை. மழைக்கு ஆயாக்கொட்டகைத் தாழ்வாரத்தில் ஒதுங்குவது மாதிரி. கொஞ்சம் சூடு காட்டினால், அல்லது அழுத்தத்தைக் குறைத்தால், கிளம்பிவிடும். அதைச் சேகரித்துக்கொள்ளலாம். கரியைத் திரும்பவும் பயன்படுத்தலாம்.

ஆலைகளில் இதற்கு இருக்கும் பழைய வழி திரவம். தண்ணீரில் கலந்த அமைன், 1930-லேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. அமைன் என்பது அமோனியாவின் உறவு. பால் உறையாமல் இருக்கப் பாட்டி வாளியில் விடுவாரே, அதே அமோனியா. அது வாயுவை நன்றாகப் பிடிக்கும். ஆனால் விடவைக்க மொத்தக் கரைசலையும் 120 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். அதில் பெரும்பகுதி தண்ணீர். சூட்டில் நிறைய அந்தத் தண்ணீருக்கே போய்விடுகிறது. அதனால்தான் உலகம் முழுக்கத் திடப்பொருளைத் தேடுகிறார்கள்.

அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மூன்று கேள்வி கேட்டார்.

"எவ்ளோ பிடிக்கும்?"

சுத்தமான கரியமில வாயுவாக இருந்தால், அறைச் சூட்டில், ஒரு கிராமுக்குச் சுமார் 130 மில்லிகிராம். ஆய்வேட்டில் பெருமையாகப் போட்ட எண் அதுதான். ஆனால் பாய்லர் புகையில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்குதான் அந்த வாயு. அங்கே என் கரி மூன்றில் ஒரு பங்கு பிடித்தாலே அதிகம். சாதாரணக் காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 420 பங்குதான் இருக்கிறது. அதில் கை விரித்துவிடும். துளைக்குள் அமைனைப் பூசினால் பிடி இறுகும். ஐஸ்லாந்தில் 2021-இல் தொடங்கிய ஓர்கா நிலையம், அமைன் ஏற்றிய திடப்பொருளைக் கொண்டுதான் காற்றிலிருந்தே பிடிக்கிறது. இறுகினால் விடவைக்க அதிகச் சூடு வேண்டும். திரும்பத் திரும்பச் சூடானால் அமைன் கெட்டுப்போகும்.

"பொக ஈரமா இருக்குமே, அதுக்கு?"

மழைக்காலத்தில் நனைந்த நாரைப் பாய்லரில் தள்ளிப் பழகியவர் கேட்கிற கேள்வி. கரி பரவாயில்லை, தாங்கும். புகையில் கரியைவிட நன்றாகப் பிடிக்கிற ஜியோலைட் 13எக்ஸ் இருக்கிறது. ஈரத்தைக் கண்டால் அது வாயுவை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் உருவான கால்ஃப்-20 என்ற துத்தநாகச் சட்டகம், கொஞ்சம் ஈரம் இருந்தாலும் வாயுவையே தேர்ந்தெடுக்கிறது என்று 2021-இல் எழுதினார்கள். இந்த மாதிரி உலோக-கரிமச் சட்டகங்களுக்குத்தான் அந்த மாதம் வேதியியல் நோபல் அறிவித்திருந்தார்கள். வாங்கிய மூவரில் ஒமர் யாகி, ஜோர்தானில் அகதிக் குடும்பத்தில் பிறந்தவர். ஒரே அறையில் மாடுகளோடு வளர்ந்தவர். சொன்னேன். "நம்ம லயம் தேவல" என்றார் அப்பா.

மூன்றாவது கேள்விக்குத்தான் மாட்டிக்கொண்டேன்.

"ஓட்ட நீ எடுத்துட்டா பாய்லர்ல எதப் போடுவாங்க?"

என் ஆய்வேட்டின் முதல் வரி, கொட்டை ஓடு ஒரு 'கழிவு' என்று சொல்கிறது. நான் படித்த கட்டுரைகளில் பாதிக்கு மேல் அப்படித்தான் தொடங்குகின்றன. தோட்டத்தில் அதை யாரும் கழிவு என்று சொன்னதில்லை. நாரும் ஓடும் எரிந்துதான் நீராவி. அந்த நீராவியில்தான் குலை வேகும், டர்பைன் சுழலும், ஆலையில் விளக்கெரியும். மிஞ்சிய ஓட்டைத் தோட்டத்துச் சேற்றுப் பாதையில் கொட்டுவார்கள். அதில் நடந்துதான் பள்ளிக்கூடம் போனேன். இப்போது ஜப்பானுக்குக் கப்பலேறுகிறது, மின்நிலையத்தில் எரிக்க. நான் எடுக்கிற ஒவ்வொரு கிலோவுக்கும் இன்னொரு இடத்தில் வேறெதையோ எரிப்பார்கள். அது நிலக்கரியாக இருந்தால்? நான் பிடிப்பதைவிட விடுவது கூட இருக்கும். 800 டிகிரி உலைக்குப் போகும் மின்சாரக் கணக்கு வேறு. அந்தக் கணக்குகள் எதுவும் என் ஆய்வேட்டில் இல்லை.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மூன்று வருஷ வேலை. அப்பா அதைப் பார்த்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து, "எல்லா ஓடும் எரியாதும்மா. அரைகுறையா வெந்து சாம்பலோட கீழ விழும். கருப்பா, கையில எடுத்தா லேசா இருக்கும். அத அள்ளிக் கொட்டறதே ஒரு வேலை. அதுல பாரேன்" என்றார்.

அது ஏற்கெனவே கரி. ஏற்கெனவே யாரோ செலவழித்த சூட்டில் ஆனது.

பழைய நண்பர் ஒருவரிடம் சொல்லி ஒரு சாக்கு வாங்கித் தந்தார். ஆய்வுக்கூடத்தில் அளந்தேன். என் கரி பிடித்ததில் கால்வாசிகூட இல்லை. போனில் சொன்னேன், கொஞ்சம் தயங்கித்தான்.

"கழுவிப் பாத்தியா?" என்றார்.

கழுவவில்லை. சாம்பல் துளைகளை அடைத்திருக்கும் என்பது எனக்கும் தெரிந்ததுதான், தோன்றவில்லை. இந்த வாரம் நீர்த்த அமிலத்தில் ஊறப்போட்டிருக்கிறேன். ஆய்வேட்டின் முதல் வரியை அடித்துவிட்டேன். அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது.