மடுல்சீமையில் ஒரு குளிர்த்தொப்பி

பதுளைக்குப் போய் வந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். மடுல்சீமை வரை போனவர்கள் சிலரே இருப்பீர்கள். பதுளையிலிருந்து பசறைக்கு வந்து, லுணுகலைப் பாதையில் கொஞ்சத் தூரம் போய், பிரிந்து மேலேறும் வழியைப் பிடிக்க வேண்டும். வளைவுக்கு வளைவு தேயிலை. ஏற ஏற மூடுபனி பஸ்ஸின் கண்ணாடியை மறைத்துவிடும். இப்போதெல்லாம் பிட்டமாறுவையிலுள்ள 'சின்ன உலக முடிவு' மலைவிளிம்பைப் பார்க்க இளைஞர்கள் கூட்டமாக வருகிறார்கள். கொழும்பு வெயிலில் புறப்பட்டவர்கள் இரவுக் குளிரில் நடுங்கிவிட்டு, காலையில் கடைவீதியில் குளிர்த்தொப்பி தேடுவார்கள். நான் சொல்ல வந்தது அந்தத் தொப்பியைப் பற்றித்தான்.

என் நண்பர் அங்கே துணிக்கடை வைத்திருக்கிறார். வாசலில் கட்டிய கயிற்றில் கையால் பின்னிய தொப்பிகளும், மப்ளர்களும், குழந்தைச் சட்டைகளும் தொங்கின. கொழுந்தெடுத்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா லயத்தில் இருந்தபடி பின்னித் தருகிறாராம். ஒன்றிலும் ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லை.

"ஊல் என்றால் வாங்கிக்கொண்டு போகிறார்கள், மௌலவி. சீட்டு எதற்கு?" என்றார் நண்பர்.

பிறகு அவரே ஒரு கதையும் சொன்னார். குழந்தைச் சட்டை ஒன்றை வாங்கிப் போனவர் சூடான அயனால் தேய்க்க, அது துவண்டு இழுபட்டுப் போய்விட்டதாம். சட்டையோடு திரும்பி வந்து சண்டை பிடித்தாராம். நண்பர் பணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். ஆனால் அந்தப் பணம் கடைசியில் பின்னிய அம்மாவின் கணக்கில்தான் கழிக்கப்பட்டிருக்கிறது!

எனக்கு மனம் பொறுக்கவில்லை. விற்கும் பொருளின் தன்மையையும் குறையையும் வாங்குபவரிடம் மறைக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்கு வருடா வருடம் பாடம் நடத்துகிறவன் நான். நம் கடைத்தெருக்களில் பின்னல் நூல் எல்லாவற்றுக்கும் 'ஊல்' என்றே பெயர். அந்தச் சட்டையோ அக்ரிலிக் நூலில் பின்னியது. ஆட்டு ரோமம் வேறு, அக்ரிலிக் வேறு. ரோமத்தைச் சுடுநீரில் போட்டுக் கசக்கினால் சுருங்கி இறுகிவிடும். அக்ரிலிக்கோ சலவைக்கு அவ்வளவு பயப்படாது. அயன் சூட்டில்தான் கெட்டுப்போகும், பிறகு பழைய நிலைக்குத் திரும்பாது. இதை ஒரு சீட்டில் எழுதியிருந்தால் சண்டையே வந்திராது.

மூன்று மொழிகளிலும் எழுத நாடாவில் இடமேது என்று கேட்பீர்கள். அதற்குத்தான் படங்கள் இருக்கின்றன. 1963இல் தொடங்கிய ஜினெடெக்ஸ் என்னும் சர்வதேச அமைப்பு பரப்பிய குறிகளை உங்கள் வீட்டுச் சட்டைகளிலேயே பார்க்கலாம். தொட்டிக்குள் கை இருந்தால் கையால் கழுவ வேண்டும். அயன் பெட்டியின்மேல் பெருக்கல் குறி இருந்தால் தேய்க்கக் கூடாது. சதுரத்துக்குள் ஒரு படுக்கைக் கோடு இருந்தால், கொடியில் தொங்கவிடாமல் விரித்துக் காயவிட வேண்டும்.

வீட்டிலிருந்து பின்னும் சகோதரிகள் இதைக் கவனியுங்கள். மெல்லிய பருத்தி நாடாவை இரண்டாக மடித்து, இரு முனைகளையும் உட்புற ஓரத் தையலுக்குள் செருகிக் கையால் தையுங்கள். மெஷினில் இறுக்கி ஓட்டினால் பின்னல் சுருங்கும். இழுபடும்போது தையல் அறுந்துவிடும். ஊசி நூலைப் பிளக்காமல் கண்ணிகளுக்கு இடையில் புகட்டும். குழந்தைத் தொப்பியில் காதும் பிடரியும் படும் இடத்தில் நாடா வேண்டாம். விலைச் சீட்டைக் குண்டூசியால் குத்தாமல் அதே நூலால் கட்டிவிடுங்கள். நூல் கொஞ்சம் மீந்திருந்தால் அந்தச் சீட்டிலேயே சுற்றிக் கொடுங்கள். பின்னாளில் கிழிந்தால் அதே நிறத்தில் பொத்தலாம்.

பிற்பகலில் அந்த அம்மா புதிய தொப்பிகளோடு வந்தார். நாடாவில் அவர் பெயரையும் போடலாமே என்றேன்.

"எம் பேரு எதுக்குங்க ஐயா? செக்ரோல்ல பேர் விழுந்தா போதும்னு இருந்த ஆளுங்க நாங்க."

தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். பாதி நாள் சம்பளத்துக்கு 'அரைப் பேர்' என்பார்கள். தேயிலைச் சாக்கைப் பாருங்கள்: தோட்டத்தின் பெயர், தரம், இலக்கம், நிறை எல்லாம் அதில் இருக்கும். கொழுந்தெடுத்தவர் பெயர் எந்தச் சாக்கில் இருக்கிறது? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவர்களுடைய முன்னோரைத் தமிழகத்திலிருந்து அழைத்து வந்தபோது, தோட்ட இலக்கம் பொறித்த தகர வில்லையை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். 'டின் டிக்கெட்' என்று அதற்குப் பெயர். சீட்டு அன்று ஆளுக்கு இருந்தது; இன்று அந்த ஆள் செய்த பொருளுக்கு இல்லை.

நண்பர் தலை குனிந்திருந்தார். பிறகு கணக்குக் கொப்பியைத் திறந்து, கழித்த தொகையை அவர் கையில் கொடுத்தார். "நாடாவில் என்ன பெயர் போட?" என்றும் கேட்டார்.

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அரைப் பேரு வேணாங்க. முழுப் பேரே போடுங்க."

நண்பர் பேனையை எடுத்தார். பேனை மை முதற் சலவையிலேயே போய்விடும் என்று தடுத்தேன். பதுளையில் நாடாவும் நிறம் போகாத தையல் நூலும் வாங்கி அனுப்புவதாகச் சொல்லி, மாலை பஸ்ஸில் ஏறினேன்.