தட்டல்

அப்பாவின் புல்லட் 1984ல் வாங்கியது. பாயிண்ட், கார்புரேட்டர் என்று எல்லாம் பழைய ஏற்பாடு. பெருநகரிலிருந்து உத்திரமேரூர் போகையில், டாப் கியரில் வேகம் தணிந்து மறுபடி திராட்டிலைத் திருகினால், தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கியது மாதிரி ஒரு சப்தம். நாக்கிங் என்பார்கள். சில சமயம் எனக்கு அது கேட்கும். சில சமயம் கேட்பதாக நினைத்துக்கொள்வேன். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போனது என்னைத் தொந்தரவு செய்தது. பகலில் வங்கியில் கணக்கும் இரவில் கவிதை விமர்சனமும் எழுதுகிற எனக்கு இது சாதாரணத் தொந்தரவு இல்லை.

ஸ்பார்க் விழுந்ததும் தீ சிலிண்டருக்குள் ஒழுங்காகப் பரவ வேண்டும். தீ வந்து சேருமுன்பே மூலையில் மிஞ்சிய கலவை சூட்டாலும் அழுத்தத்தாலும் தானாக வெடித்துவிட்டால், அழுத்த அலைகள் சுவருக்குச் சுவர் மோதுகின்றன. அந்த அதிர்வின் ஸ்ருதியைப் பெரும்பாலும் சிலிண்டரின் குறுக்களவே தீர்மானிக்கிறது. புல்லட் 350க்கு அது 70 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 8 கிலோஹெர்ட்ஸ் வருகிறது.

இந்தச் சப்தத்தை அடக்க 1921ல் தாமஸ் மிட்ஜ்லி பெட்ரோலில் ஈயச் சேர்மத்தைக் கலந்தார். சப்தம் அடங்கியது. ஈயம் புகையாகி மனித ரத்தத்தில் சேர்ந்தது. இந்தியாவில் ஈயப் பெட்ரோல் நின்றது 2000த்தில்தான். ஒரு சப்தம் எதனால் வருகிறது என்று கேட்பதும், அதை வாயடைப்பதும் வேறு வேறு காரியங்கள்.

நான் கேட்க விரும்பினேன். சென்னை ரிச்சி தெருவில் பஸ்ஸருக்கான பீஸோ தகடு ஒன்று வாங்கினேன். அதிர்ந்தால் மின்னழுத்தம் தரும் தகடு. அதை அலுமினியத் துண்டில் ஒட்டி, இன்ஜினின் ஒரு போல்ட்டோடு இறுக்கினேன். பிறகு ஆப்-ஆம்ப் வைத்து 8 கிலோஹெர்ட்ஸை மட்டும் விடும் வடிகட்டி, கடைசியில் ஒரு சிவப்பு விளக்கு, ஹெட்போனுக்கு ஒரு துளை. முதல் நாள் விளக்கு அணையவே இல்லை. டேப்பெட், பிஸ்டன், சங்கிலி, எல்லாவற்றின் சப்தத்திலும் 8 கிலோஹெர்ட்ஸ் கொஞ்சம் இருக்கிறது.

எதைக் கேட்பது என்பது போலவே எப்போது கேட்பது என்பதும் முக்கியம் என்று அப்புறம் புரிந்தது. இன்ஜின் 3000 சுற்றில் ஓடும்போது ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெகண்ட். பிஸ்டன் உச்சியைத் தாண்டி இறங்கும் சுமார் 3 மில்லிசெகண்ட்தான் தட்டலுக்குரிய நேரம். பாயிண்ட் திறக்கும் கணத்திலிருந்து எண்ணி, அந்த ஜன்னலை மட்டும் திறந்து வைத்தேன். பிறகு எல்லை. டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளி, தட்டல் நிச்சயமாக இல்லாத நிலையில், ஒவ்வொரு வேகத்திலும் வரும் மின்னழுத்தத்தைக் குறித்துக்கொண்டு, அதன் இரு மடங்கை எல்லையாக வைத்தேன். ஏன் இரு மடங்கு? என் தீர்மானம், அவ்வளவுதான். உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலைக்குப் பெயர் எழுதப்பட 35 வயது நிரம்ப வேண்டும் என்று இருக்கிறது. 34 ஏன் ஆகாது என்று அதைப் படித்த நாளில் நானும் கேட்டிருக்கிறேன்.

கருவியை எங்கள் மேஸ்திரியிடம் எடுத்துப் போனேன். அந்த வண்டியை முப்பது வருஷமாகப் பார்க்கிறவர். ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜினிலும் பிடியைக் காதிலும் வைத்துக் கேட்பார். டைமிங்கை முன்னுக்குத் தள்ளி, பையனை ஓட்டச் சொல்லி, பின்னால் உட்கார்ந்து விளக்கைப் பார்த்துக்கொண்டே ஒரு சுற்றுப் போய்வந்தேன். வழியில் பதிவு செய்ததை ஹெட்போனில் மேஸ்திரிக்குப் போட்டுக்காட்டினேன்.

"ஒண்ணும் வரலியே சார்" என்றார்.

பையன் வாங்கி வைத்துக்கொண்டான். "கணகணன்னு கேக்குது மேஸ்திரி!"

மேஸ்திரி மறுபடி வைத்துப் பார்த்தார். கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, கைதுடைக்கும் துணியைத் தேடினார். துணி அவர் தோளில்தான் இருந்தது. வாழ்நாள் முழுக்க இரைச்சலில் வேலை செய்கிறவர்களுக்கு உயர்ந்த ஸ்ருதிகள்தாம் முதலில் போகும் என்பது நான் படித்திருந்த விஷயம். படித்திருந்தும் அதை அவருடைய பையன் எதிரில் நிரூபித்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன் மூத்த கவிஞர் ஒருவரின் தொகுப்பைப் பற்றி எழுதியபோது, அவருக்குச் செவி போய்விட்டது என்று முடித்திருந்தேன். நண்பர்கள் அந்த வரியைப் பாராட்டினார்கள். அவர் பதில் எழுதவில்லை. அந்த வரியைப் படித்தபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. இப்போது கொஞ்சம் தெரிகிறது. சொன்னது தப்பு என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் எந்த 3 மில்லிசெகண்டை நான் கேட்டேன், எல்லையை எங்கே வைத்தேன் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை.

அன்று சாயங்காலம் மேஸ்திரியே டைமிங் வைத்தார். ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவில்லை. ஓட்டிப் பார்த்தார், இழுவை போதவில்லை என்றார், ஒரு மயிரளவு திருப்பினார், பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்தார், மறுபடி ஓட்டினார். காசு கேட்டபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

உத்திரமேரூர் வரை போய்த் திரும்பினேன். டாப் கியரில் வேண்டுமென்றே முழுக்கத் திருகிப் பார்த்தேன். விளக்கு ஒரு தடவைகூட எரியவில்லை. அதை அவரிடம் சொல்ல வேண்டும். சான்றிதழ் கொடுக்கிற மாதிரி இல்லாமல் அதை எப்படிச் சொல்வது என்று பிடிபடாமல், இரண்டு வாரமாக அந்தப் பக்கம் போகாமல் இருக்கிறேன்.